ஆறு வயது மகனுக்கு 110 சிசி டர்ட் பைக் வாங்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் பீனிக்ஸில் இருக்கிறோம். மகனுக்கு 6 வயது, உயரம் 112 செ.மீ. சைக்கிள் நன்றாக ஓட்டுவான். தீபாவளிக்கு அவனுடைய தாய்மாமா டர்ட் பைக் (மண்தரையில் ஓட்டுகிற பைக்) வாங்கித் தருகிறார். வளரும் பிள்ளை, 110 சிசி வாங்கினால் நாலைந்து வருஷம் ஓடும் என்கிறார். சரியா?

பதில்:

வேண்டாம். 50 சிசி வாங்கித் தரச் சொல்லுங்கள். பள்ளிச் சீருடையை ஒரு அளவு பெரிசாக எடுத்து மடித்துத் தைத்துக்கொள்ளலாம், பைக்கில் அது நடக்காது.

சிசியை விடுங்கள், முதலில் பையனின் காலை அளந்து பாருங்கள். வெறுங்காலோடு சுவரோரம் நிற்கவைத்து, ஒரு புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவே முட்டும்வரை உயர்த்துங்கள். அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை எவ்வளவு? 112 செ.மீ. பிள்ளைக்குப் பெரும்பாலும் 50 செ.மீ. பக்கம் வரும். யமஹா பிடபிள்யூ50 சீட் உயரம் சுமார் 48 செ.மீ. ஹோண்டா சிஆர்எஃப்50 சுமார் 55. மாமா சொல்கிற மாதிரி ஹோண்டா 110 எடுத்தால் 66 செ.மீ., எடையும் 70 கிலோவுக்கு மேல். பையன் நிறுத்தும்போது கால் எட்டாது, வண்டி சாய்ந்தால் அவனால் தாங்க முடியாது.

சாய்வதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பயந்த பிள்ளை கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கும். உடம்பு பின்னால் போகும், மணிக்கட்டு தானாக ஆக்சிலேட்டரை முறுக்கும், வண்டி பாயும். பாயப் பாய இன்னும் இறுக்கும். 110 சிசியில் இது நடந்தால் நீங்கள் ஓடிப்போய்ப் பிடிக்க முடியாது.

அதற்காகத்தான் பிடபிள்யூ50யைச் சொல்கிறேன். 1980களிலிருந்து அதிகம் மாறாமல் வருகிற வண்டி. கியர் கிடையாது, முன் பின் இரண்டு பிரேக்கும் சைக்கிள் மாதிரி கையிலேயே இருக்கும். செயினுக்குப் பதில் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) என்பதால் சின்ன விரல்கள் மாட்டாது, நம் கடற்காற்றில் துருப்பிடிக்கவும் செயின் இல்லை. ஆக்சிலேட்டர் பிடியை ஒட்டி லாக் நட்டோடு ஒரு சின்னத் திருகு இருக்கும். நட்டைத் தளர்த்தி அந்தத் திருகை உள்ளே விட்டால், பிடி அவ்வளவு தூரம்தான் திரும்பும். நீங்கள் பக்கத்திலேயே ஓடிவரக்கூடிய வேகத்துக்கு வைத்து நட்டை இறுக்கிவிடுங்கள். என் மகளுக்கு ஒரு காலி பெயிண்ட் டப்பாவை வைத்து, அதன் முன்னால் நிறுத்தச் சொல்வேன். டப்பாவை இடிக்காமல், இரண்டு காலையும் ஊன்றி நிறுத்தும்வரை திருகைத் தொட்டதே இல்லை.

ஹோண்டா 50 கொஞ்சம் உயரம். 3 கியர், காலால் மாற்ற வேண்டும், ஆனால் கிளட்ச் லீவர் கிடையாது. பின் பிரேக்கும் காலில்தான். பையன் உட்கார்ந்து இரண்டு பாதத்தின் முன்பக்கமும் தரையில் படிந்தால் அதையும் யோசிக்கலாம், இன்னும் சில காலம் கூட வரும். கடைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போய், ஓட்டும்போது போடப்போகிற பூட்ஸோடு உட்காரவைத்துப் பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் தாராளமாக வாங்கலாம். பிள்ளைகள் வளர்ந்துவிடுவதால் நல்ல நிலையிலேயே விற்பனைக்கு வரும், நீங்களும் அப்படியே விற்றுவிடலாம். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்த வண்டி என்றால் மட்டும் கார்புரேட்டரில் கை வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அங்கே உயரம் 1,700 மீட்டருக்கு மேல், காற்று அடர்த்தி குறைவு, அதனால் சின்ன ஜெட் (பெட்ரோல் வருகிற துளை) போட்டிருக்கலாம். அதை அப்படியே டர்பனில் ஓட்டினால் பெட்ரோல் போதாமல் இன்ஜின் சூடேறும், பிடபிள்யூ50 மாதிரி 2 ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டனே பிடித்துக்கொள்ளும். பிடபிள்யூ50க்கு ஆயில் டாங்க் தனி. சிலர் ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு, பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டுவார்கள். இது தெரியாமல் வெறும் பெட்ரோல் ஊற்றினால் இன்ஜின் போய்விடும்.

மிச்சப் பணத்தை ஹெல்மெட்டுக்கும் பூட்ஸுக்கும் போடச் சொல்லுங்கள் மாமாவை. இதுவும் சீர்தானே! குழந்தைகளுக்கான ஹெல்மெட் ஓடு சிறியது, எடையும் குறைவு. பெரியவர்கள் ஹெல்மெட்டுக்குள் பஞ்சு அடைத்துக் கொடுக்காதீர்கள், அந்தக் கழுத்து தாங்காது. போட்டபின் ஹெல்மெட்டை ஆட்டினால் கன்னமும் சேர்ந்து அசைய வேண்டும்.

சின்ன வண்டியில் ஆரம்பித்தால் பிள்ளை பின்தங்கிவிடும் என்று மாமா நினைத்தால், இங்கே பந்தயத்திலேயே 50, 65, 85 சிசி என்று படிப்படியாகத்தான் பிரிவுகள் இருக்கின்றன. நம் டர்பனில் பிறந்த கிராண்ட் லாங்ஸ்டன் 2000இல் 125 சிசி மோட்டோகிராஸ் உலக சாம்பியன் ஆனவர். அதைச் சொல்லுங்கள், மாமாவுக்குப் பிடிக்கும்.

தெருவில் ஓட்டவே கூடாது. இங்கே 125 சிசி வரையிலான பைக்குக்கு லேர்னர்ஸ் எடுக்கவே 16 வயது ஆக வேண்டும். வெருலம், டொங்காட் பக்கம் கரும்புத் தோட்டத்து மண்பாதையைப் பார்த்தால் ஆசை வரும். தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். கரும்பு ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும்போது வளைவுக்கு அந்தப் பக்கம் வருகிற டிராக்டர் தெரியாது, டிராக்டர்காரருக்கும் பையன் தெரியமாட்டான். வெட்டுக் காலத்தில் அந்தப் பக்கமே போகாமல், நான்கு பக்கமும் பார்வைக்குத் தெரிகிற சமதரையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.