ஆஃபர் லெட்டர் வந்துருச்சு, ஜாயினிங் டேட் வரல

கேள்வி: அண்ணா வணக்கமுங்க. ஊரு சோமனூர் பக்கம், அப்பா தறி ஓட்டறாரு. மெக்கானிக்கல் முடிச்சிருக்கேன். கேம்பஸ்ல ஒரு ஐடி கம்பெனி ஆஃபர் குடுத்துச்சு, சொந்தக்காரங்களுக்கெல்லாம் ஸ்வீட்டே குடுத்தாச்சு. எட்டு மாசமாச்சு, ஜாயினிங் டேட் வரல. காலேஜ்ல கேட்டா வெயிட் பண்ணுங்கறாங்க. ஒரு கன்சல்டன்சிக்காரர் ஒன்றரை லட்சம் கட்டுனா வேற கம்பெனில சேத்து விடறேங்கறாரு. தங்கச்சியையும் அதே காலேஜ்ல சேக்கலாம்னு அப்பா சொல்றாரு. என்ன பண்றதுங்ணா?

பதில்: தம்பி, மொதல்ல அந்த ஒன்றரை லட்சத்தக் கட்டீராதீங்க. காசு வாங்கிட்டு ஆள் எடுக்கற நல்ல கம்பெனி கெடையாது. அப்பா தறில நின்னு சம்பாரிச்ச காசு அது.

உங்க ஆஃபர் லெட்டர எடுத்து கடைசிப் பக்கம் வரைக்கும் நிதானமா படிச்சுப் பாருங்க, கம்பெனியோட தேவையப் பொறுத்துத்தான் சேர்ற தேதின்னு எங்கியாச்சும் ஒரு வரி போட்டிருப்பாங்க. வரப்போற ப்ராஜெக்ட்ட நம்பி முன்கூட்டியே மொத்தமா ஆள் எடுத்து வெச்சுக்கறாங்க, ப்ராஜெக்ட் வரலைன்னா பசங்க வீட்ல உக்காந்திருக்கோணும். 2022ல முடிச்ச பசங்கள பெரிய பெரிய ஐடி கம்பெனிகளே வருஷக்கணக்குல இழுத்தடிச்சாங்க. அதனால இது உங்க தெறமைக் கொறைன்னு மட்டும் நெனச்சறாதீங்க.

எனக்கு ஆத்தாமையா வர்றது காலேஜ் பண்றதப் பாத்துத்தான். லெட்டர் வந்த அன்னைக்கே உங்கள ப்ளேஸ்டு கணக்குல சேத்து ஃபோட்டோவோட ஃப்ளெக்ஸ் அடிச்சிருப்பாங்க, நீங்க சேந்தீங்களா இல்லியான்னு அதுக்கப்புறம் யாரு பாக்கறாங்க. ஒருத்தனுக்கு ஒரு ஆஃபர்தான்னு ரூல் வேற போட்டு மத்த ட்ரைவ்லயும் உக்கார விட்ருக்க மாட்டாங்க. நூறு பர்சன்ட் ப்ளேஸ்மெண்ட்டுங்கறதும் அப்படித்தான், அரியர் இருக்கறவன், டென்த் ப்ளஸ் டூல 60 பர்சன்ட் இல்லாதவன் எல்லாத்தையும் கழிச்சுட்டு மீதிப் பேருக்குப் போடற கணக்கு. சம்பளமும் பாருங்க, வருஷத்துக்கு 3.6 லட்சம்னா மாசம் 30,000னு வீட்ல நெனப்பாங்க, ஆனா கம்பெனி கட்டற பிஎஃப், கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ் எல்லாம் அதுக்குள்ளயேதான். கைக்கு 25,000 பக்கம் வந்தாலே பெருசு, அதுல பெங்களூர்ல பிஜி வாடகை குடுக்கோணும்.

இப்ப என்ன பண்றது? கம்பெனி ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போடுங்க, பதில் வருதோ இல்லியோ அதோட அத ஓரமா வெச்சுட்டு வேற வேலை தேடுங்க. நீங்க படிச்சது மெக்கானிக்கல், இருக்கறது கோயமுத்தூர்க்குப் பக்கத்துல. அரசூர்ல ஃபவுண்டரி, குறிச்சி சிட்கோல, கணபதில மெஷின் ஷாப், பம்ப், மோட்டார்னு எத்தன கம்பெனி இருக்குது, அதுல முக்காவாசி எந்தக் காலேஜ் கேம்பஸுக்கும் வராதுங்க, நாமளே ரெஸ்யூம எடுத்துட்டு நேர்ல போகோணும். அங்க போனா உங்க கைல ஒரு ட்ராயிங்கயும் ஒரு பீஸயும் குடுத்து, வெர்னியர்லயும் மைக்ரோமீட்டர்லயும் அளந்து இது டாலரன்ஸுக்குள்ள, அதாவது ட்ராயிங்ல விட்டிருக்கற ஏத்த எறக்க அளவுக்குள்ள இருக்குதா இல்லியா சொல்லுங்கம்பாங்க, டிகிரி முடிச்ச பசங்கள்ல நெறையப் பேரு அங்கதான் முழிக்கறாங்க. அத நல்லா பழகிட்டுப் போங்க. நேஷனல் அப்ரண்டிஸ்ஷிப் ட்ரெய்னிங் ஸ்கீம் போர்ட்டல்லயும் பதிஞ்சு வெய்ங்க, பெரிய கம்பெனில ஒரு வருஷம் ட்ரெய்னிங், ஸ்டைபண்ட்ல கவர்மெண்ட்டும் ஒரு பங்கு போடுது. ஆரம்பத்துல காசு கம்மிதான், ஆனா வீட்டுச் சோறு தின்னுட்டு போயிட்டு வரலாம், மறுபடியும் இண்டர்வியூ போறப்ப சும்மா இருந்தேன்னு சொல்ற நெலமையும் வராது. எங்க சேந்தாலும், இத்தன வருஷம் வேலைய விட மாட்டேன்னு பாண்ட் எழுதிக் கேட்டா படிக்காம கையெழுத்துப் போடாதீங்க, ஒரிஜினல் சர்டிபிகேட்டக் குடுத்தறாதீங்க. ஐடி கம்பெனி கூப்ட்டா அப்பப் பாத்துக்கலாம்.

தங்கச்சி விஷயத்துல ஃப்ளெக்ஸ நம்பாதீங்க. காலேஜுகளுக்கு ரேங்க் போடற சென்ட்ரல் கவர்மெண்ட் பட்டியல் என்ஐஆர்எஃப், அதுக்கு காலேஜுக குடுக்கற கணக்கு அந்தந்த காலேஜ் வெப்சைட்லயே இருக்கும், எத்தன பேர் படிச்சு முடிச்சாங்க, எத்தன பேருக்கு வேலை, மீடியன் சம்பளம், அதாவது வரிசையா நிறுத்துனா நடுவுல நிக்கறவனோட சம்பளம் எவ்வளவுன்னு போட்டிருக்கும். காலேஜே எழுதிக் குடுக்கறதுதான், இருந்தாலும் அவினாசி ரோட்டு போர்டுக்கு அது எவ்வளவோ பரவால்ல. அப்பறம் போன வருஷம் அதே டிபார்ட்மெண்ட்ல முடிச்ச நாலஞ்சு பசங்க நம்பர் வாங்கி, ஆஃபர் வந்துச்சான்னு கேக்காம இப்ப எங்க வேலைக்குப் போறீங்கன்னு கேளுங்க, அதுக்கப்பறம் அப்பா ஃபீஸ் கட்டட்டும்.