கண்ணாடிக் கட்டடத்தில் நெளியும் பிம்பத்தைத் துணிக்குக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: கரூரில் திரைச்சீலை, குஷன் உறை ஏற்றுமதி செய்யும் நிறுவனத்தில் டிசைனராக இருக்கிறேன். சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் போனபோது, கண்ணாடிக் கட்டடங்களில் எதிர்க் கட்டடங்களின் பிம்பம் நெளிந்து நெளிந்து தெரிந்தது. நிறையப் படம் எடுத்தேன். ஒன்றை அப்படியே திரைச்சீலையில் டிஜிட்டல் பிரிண்ட் போட்டுப் பார்த்தால், மங்கலான போட்டோவைத் துணியில் ஒட்டியது போல இருக்கிறது. இதை டிசைனாக மாற்ற என்ன செய்ய வேண்டும்?

பதில்: நல்ல இடத்தில்தான் கண் வைத்திருக்கிறீர்கள். ஆனால் துணிக்கு வர வேண்டியது அந்தப் படம் இல்லை, அது நெளியும் விதம். அதனால் பிம்பம் ஏன் நெளிகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

கட்டடக் கண்ணாடியை உறுதியாக்க 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, உருளைகள் மேல் ஓட்டி, சட்டென்று காற்றடித்துக் குளிர வைப்பார்கள். இளகிய கண்ணாடி உருளைகளுக்கு இடையில் லேசாகத் தொய்வதால் சீரான மெல்லிய அலைகள் பதிந்துவிடும். இரட்டைக் கண்ணாடி என்றால் நடுவில் அடைபட்ட காற்று வெயிலில் விரிந்து கண்ணாடியை வெளியே உப்ப வைக்கும், குளிர்ந்தால் உள்ளே குழிய வைக்கும். இது போக, ஒவ்வொரு கண்ணாடியும் பக்கத்துக் கண்ணாடியைவிட மயிரிழை சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கும். அதனால் எதிர்க் கட்டடத்தின் தூண் ஒரு கண்ணாடிக் கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகும்போது அறுந்து, தள்ளி ஆரம்பிக்கும்.

அலை, உப்பல், அறுபட்ட கோடு. இந்த மூன்றும் நடக்கும்போது நேராக நிற்பது கட்டத்தைச் சுற்றியுள்ள சட்டம் (ஃபிரேம்) மட்டும்தான். சட்டம் நேராக இருப்பதால்தான் உள்ளே இருப்பது நெளிகிறது என்றே நமக்குத் தெரிகிறது. உங்கள் சாம்பிளில் பெரும்பாலும் அந்தச் சட்டம் காணாமல் போயிருக்கும்.

படத்தைப் பிரிண்ட் எடுத்து, மேலே டிரேசிங் பேப்பர் வையுங்கள். சட்டக் கோடுகளை ஸ்கேல் வைத்துப் போடுங்கள். அப்புறம் எதிர்க் கட்டடத்தில் ஒரே ஒரு கோட்டை, ஒரு பால்கனி வரிசையோ தூணோ எதுவானாலும் சரி, அதைக் கட்டம் கட்டமாகக் கையாலேயே தொடருங்கள். கம்ப்யூட்டரில் அலை ஃபில்டர் போடுவது சுலபம்தான். ஆனால் ஒரே கணக்கில் சட்டத்தையும் சேர்த்து வளைத்துவிடும். நிஜக் கண்ணாடியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தனி வளைவு உண்டு. அந்த வித்தியாசத்தில்தான் இந்த டிசைனின் உயிரே இருக்கிறது.

ரிப்பீட், அதாவது ஒரே டிசைன் துணியில் திரும்பத் திரும்ப வரும் விஷயத்தில் இந்த டிசைன் உங்களுக்குப் பெரிய உதவி செய்யும். ரோட்டரி ஸ்கிரீனில், அதாவது சுழலும் உருளையால் துணியில் அச்சடிக்கும் முறையில், உருளையின் வழக்கமான சுற்றளவு 64 செ.மீ. கட்டத்தின் உயரத்தை 16 அல்லது 8 செ.மீ. என்று வைத்தால் மிச்சமில்லாமல் உட்காரும். ரிப்பீட் சேரும் இடம் சட்டக் கோட்டிலேயே விழும். அங்கே கோடு அறுவதும் இயல்பு என்பதால், மற்ற டிசைன்களில் நாம் மறைக்கப் பாடுபடும் இணைப்பு இங்கே கண்ணுக்கே தெரியாது. மிகவும் முரட்டுத்தனமாக நெளியும் கட்டங்களை ஒரே வரிசையில் வைக்காதீர்கள், துணி முழுக்கப் பட்டை போல ஓடும். ஹாஃப் டிராப் (பக்கத்து ரிப்பீட்டைப் பாதி உயரம் இறக்கி வைப்பது) போட்டால் பக்கத்து ரிப்பீட் 32 செ.மீ. இறங்கும். அதுவும் கட்டக் கணக்குக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

திரைச்சீலை என்பதால் இன்னொன்றையும் கவனியுங்கள். ஜன்னல் அகலத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு துணி மடிப்பு மடிப்பாகத் தொங்கும். படுக்கைக் கோடுகள் எல்லாம் அந்த மடிப்பிலேயே அலை அலையாகிவிடும். நீங்கள் வரைந்த நெளிவும் மடிப்பின் நெளிவும் ஒன்றோடொன்று மோதும். ஆகவே நெளிவை நெடுக்குக் கோடுகளில் வையுங்கள், படுக்கைக் கோடுகளைக் குறையுங்கள். கட்டத்தின் அகலமும் மடிப்பின் முகத்தைவிடச் சிறியதாக இருக்கட்டும். குஷன் உறைக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது, பெரிய கட்டமே போடலாம். பஞ்சு அடைத்ததும் நடுப்பகுதி தானாகவே உப்பும். உப்பலான கட்டத்தை அங்கே வைத்தால் துணியும் படமும் சேர்ந்து உப்பும், பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும்.

நிறம் ஐந்து, ஆறு போதும். அந்தக் கண்ணாடிக்கே ஒரு பச்சை அல்லது நீலச் சாயல் இருக்கும் இல்லையா, அதை எல்லா நிறத்திலும் துளி கலந்துவிடுங்கள்.

நெசவில் செய்யும் வாய்ப்பு இருந்தால், பிரிண்டைவிட இக்கத் இதற்குப் பொருத்தம் என்பேன். போச்சம்பள்ளியிலும் ஒடிசாவிலும் செய்வது போல நூலைக் கட்டிச் சாயம் ஏற்றி நெய்யும்போது, நூல் தறியில் கொஞ்சம் நகர்வதால் விளிம்பு தானாகவே சிலும்பும். ஊடையில் (குறுக்கு நூலில்) கட்டினால் நெடுக்கு விளிம்புகள் சிலும்பும், பாவில் (நெடுக்கு நூலில்) கட்டினால் படுக்கை விளிம்புகள். உயரமான கட்டடத்தின் ஓரம் நடுங்குவது போல வேண்டும் என்றால் ஊடை இக்கத்தைக் கேளுங்கள்.

அடுத்த முறை படம் எடுக்கும்போது, எதிர்க் கட்டடத்தில் வெயில் விழுந்து கண்ணாடிக் கட்டடம் நிழலில் இருக்கும் நேரமாகப் பாருங்கள். அல்ட்ரா வைட் லென்ஸ் வேண்டாம், அது தன் வளைவையும் சேர்த்துவிடும். அதே இடத்தைக் காலையிலும் பிற்பகலிலும் எடுத்தால், சூட்டில் உப்பல் மாறுவதும் கிடைக்கும்.

உரிமை பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி கட்டடத்தை வரைவதும் படமெடுத்து வெளியிடுவதும் மீறல் இல்லை. ஆனால் மும்பை தாஜ் மஹால் பேலஸ் ஹோட்டல் தன் கட்டடத் தோற்றத்தையே 2017இல் வணிகச் சின்னமாகப் பதிந்திருக்கிறது. பிரான்ஸ் மாதிரி நாடுகளில் கட்டடக் கலைஞரின் உரிமையும் குறுக்கே வரும். பார்த்ததும் இன்ன கட்டடம் என்று சொல்லும்படியான உருவத்தையும், பெயர்ப் பலகையையும் டிசைனிலிருந்து நீக்கிவிடுங்கள்.

முழு ஆர்டருக்கு முன்னால் இரண்டு மீட்டர் மட்டும் அடித்து, மடிப்பு வைத்துத் தொங்கவிட்டு, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். சட்டக் கோடு முதலில் கண்ணில் பட்டு, அப்புறம் நெளிவு தெரிந்தால் சரி. நெளிவு மட்டும்தான் தெரிகிறது என்றால், சட்டக் கோட்டின் நிறத்தை இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக்குங்கள்.