கணினிக் கேள்வி: படங்கள் நிறைந்த ஆய்வேட்டில் எழுத்து தாமதமாக வருவது ஏன்?

கேள்வி: நாகமலைப் புதுக்கோட்டையில் தட்டச்சு நிலையம் நடத்துகிறேன். சமணர் மலை குறித்த ஆய்வேடு ஒன்றை வேர்டு 2016-இல் அடித்து வருகிறேன். 260 பக்கங்கள், நூற்றுக்கும் மேற்பட்ட புகைப்படங்கள். ஒரு சொல்லை அடித்து முடித்து நிமிர்ந்த பிறகுதான் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரையில் வருகின்றன. கணினியையே மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். முதலில், வேர்டு திரையில் வரைந்து காட்டும் வேலையைக் குறையுங்கள். ‘பிரின்ட் லேஅவுட்’ தோற்றம் அச்சில் வரப்போகும் வடிவத்திலேயே பக்கத்தைக் காட்டுவதால், 40-ஆம் பக்கத்தில் ஒரு வரி கூடினாலும் பின்னுள்ள பக்கங்களைப் புதிதாகப் பிரிக்கவும், கண்ணெதிரே உள்ள படங்களை மீண்டும் வரையவும் நேர்கிறது. தட்டச்சு செய்யும்போது இந்தத் துல்லியம் உங்களுக்குத் தேவையில்லை.

‘வியூ’ பட்டியலில் ‘டிராஃப்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் பக்க ஓரங்களும், பக்கத்தின் மேலும் கீழும் வரும் குறிப்புகளும், எழுத்து சுற்றி ஓடும்படி வைத்த படங்களும் மறைந்துவிடும். வரியோடு வரியாகச் செருகிய படங்கள் மட்டும் தொடர்ந்து தெரியும். அவற்றுக்கு, ‘ஃபைல்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘அட்வான்ஸ்டு’ என்று சென்று ‘ஷோ பிக்சர் பிளேஸ்ஹோல்டர்ஸ்’ கட்டத்தில் டிக் செய்யுங்கள். சமணர் மலையின் பேச்சிப்பள்ளத்தில் உள்ள தீர்த்தங்கரர் சிற்பத்தின் படம் இருந்த இடத்தில் வெறும் கட்டம்தான் நிற்கும். படம் கோப்பில் பத்திரமாகவே இருக்கும். ஆய்வு மாணவர் அருகில் அமர்ந்திருந்தால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

டிராஃப்ட் தோற்றத்தில் இருக்கும்போதே, அதே ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தின் ‘ஜெனரல்’ பகுதியில் உள்ள, நீங்கள் அடிக்கும்போதே பின்னணியில் பக்கங்களைப் பிரித்துக்கொண்டிருக்கும் ‘பேக்கிரவுண்ட் ரீபேஜினேஷன்’ டிக்கை எடுத்துவிடலாம். பிரின்ட் லேஅவுட்டில் அது மங்கலாகக் கிடக்கும், தொட முடியாது. ‘டிஸ்பிளே’ பகுதியில் ‘டிசேபிள் ஹார்டுவேர் கிராபிக்ஸ் அக்ஸலரேஷன்’ என்று ஒரு கட்டம் உண்டு. பழைய கணினியில் கிராபிக்ஸ் டிரைவரும் பழையதாக இருந்தால், திரையில் வரையும் வேலையை அதனிடம் விடாமல் தடுப்பதே பல நேரங்களில் தடுமாற்றத்தை நிறுத்திவிடுகிறது. டிக் செய்து, வேர்டை மூடித் திறந்து பாருங்கள். மாற்றம் தெரியாவிட்டால் டிக்கை எடுத்துவிடுங்கள்.

நீங்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடிப்பவராக இருந்தால் இன்னொரு சுமையும் இருக்கும். அந்த எழுத்துருவில் திரையில் தெரிவது தமிழானாலும் உள்ளே பதிவாவது ஆங்கில எழுத்துகள்தாம் என்பதால், வேர்டு ஒவ்வொரு சொல்லையும் பிழையான ஆங்கிலமாகக் கருதி அடியில் சிவப்பு நெளிகோடு போட்டுக்கொண்டே வரும். 260 பக்கங்களுக்கு இது வீண் உழைப்பு. கோப்பு முழுவதையும் தேர்ந்தெடுத்து, ‘ரிவியூ’ பட்டியலின் ‘லாங்குவேஜ்’ பகுதியில் ‘டு நாட் செக் ஸ்பெல்லிங் ஆர் கிராமர்’ என்பதில் டிக் செய்துவிடுங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் பிரின்ட் லேஅவுட்டுக்குத் திரும்பி, படக் கட்டத்தின் டிக்கை எடுத்துவிட்டு, பொருளடக்கத்தின் மேல் கர்சரை வைத்து எஃப்9 விசையை அழுத்திப் பக்க எண்களைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.