செட்டிநாட்டு வெயிலில் கோல்ட் ஏர் இன்டேக்: மாட்டி, அளந்து, கழற்றியவன் சொல்வது

கேள்வி: என்னிடம் 2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஸ்யூவி இருக்கிறது. ஓட்டம் பெரும்பாலும் தேவகோட்டை, காரைக்குடிப் பக்கம். வெளியே விற்கும் கோல்ட் ஏர் இன்டேக் (இன்ஜினுக்கு வெளிக்காற்றை இழுத்துத் தரும் குழாயும் ஃபில்டரும்) வாங்கி மாட்டினால் பிக்கப் கூடுமா? நானே மாட்ட முடியுமா?

மாட்ட முடியும். ஒரு காலைப் பொழுது போதும். பிக்கப் கூடுமா என்றால், ரீமேப் (இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றுவது) எதுவும் செய்யாத வண்டியில் உணரும் அளவுக்குக் கூடாது. சத்தம் நன்றாக மாறும். ஆனால் நம் ஊரில் அதைவிடப் பெரிய விஷயம் தூசியும் சூடும். நான் இதை மாட்டி, எட்டு மாதம் ஓட்டி, அளந்து பார்த்துவிட்டுக் கழற்றியவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், இது எதற்காக என்பதைப் பார்த்துவிடலாம். காற்றின் வெப்பம் சுமார் 3 டிகிரி ஏறினால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 1 சதவீதம் குறையும். அடர்த்தி குறைந்தால் அதே அளவு காற்றில் ஆக்சிஜன் குறைவு, சக்தியும் குறைவு. ஆகவே பானட்டுக்குள் கொதிக்கும் காற்றை விட்டுவிட்டு வெளிக்காற்றை இழுத்தால் நல்லது. இவ்வளவுதான் தத்துவம். டர்போ இல்லாத பழைய இன்ஜின்களில் இது நேரடியாகவே வேலை செய்யும்.

டர்போ வண்டியில் கதை வேறு. டர்போ காற்றை அமுக்கும்போதே அது நன்றாகச் சூடேறிவிடும். 40 டிகிரியில் உள்ளே போகும் காற்று, முழு பூஸ்டில் (டர்போ தரும் அழுத்தத்தில்) 100 டிகிரியை எளிதாகத் தாண்டி வெளியே வரும். அதைத் தணிப்பது இன்டர்கூலர். முன்னால் இன்டேக்கில் நீங்கள் மிச்சம் பிடித்த பத்து டிகிரியில் பெரும்பகுதி இன்டர்கூலரைத் தாண்டும்போது அடையாளம் தெரியாமல் போய்விடும். அதற்கும் மேலே, எவ்வளவு டார்க் தர வேண்டும் என்பதை முடிவு செய்வது ஈசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி. காற்று தாராளமாக வந்தால் டர்போ அதே பூஸ்டைக் கொஞ்சம் குறைந்த உழைப்பில் எட்டும். ஈசியூவின் இலக்கு மட்டும் மாறாது. அந்த இலக்கை மாற்றுவதற்குத்தான் ரீமேப்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. உங்கள் வண்டியின் பானட்டைத் திறந்து, ஏர் பாக்ஸிலிருந்து (ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டி) முன்பக்கம் போகும் பிளாஸ்டிக் குழாயைப் பின்தொடர்ந்து பாருங்கள். பெரும்பாலும் கிரில்லின் மேல் ஓரத்தில், ரேடியேட்டருக்கு மேலே போய் முடியும். அதாவது கம்பெனி கொடுத்த பெட்டியே வெளிக்காற்றைத்தான் இழுக்கிறது.

என் வண்டியும் உங்களுடையது போலவே 2 லிட்டர் டர்போ பெட்ரோல்தான். 2022 மாசி மாதம், கோட்டையூர் வீட்டு வாசலில் வைத்து மாட்டினேன். கூட செஞ்சையில் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர். பத்து எம்எம் சாக்கெட், டார்க்ஸ் பிட் செட், ஒரு தட்டை ஸ்க்ரூடிரைவர், அவ்வளவுதான் சாமான். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரி நெகட்டிவ் கழற்றிவிட்டுத் தொடங்கினோம். பழைய ஏர் பாக்ஸ் பெரும்பாலும் போல்ட்டை நம்பி இருக்காது, ரப்பர் புஷ்ஷில் குத்தி நிற்கும். ஒரு போல்ட்டை எடுத்துவிட்டு நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். பக்கவாட்டில் நெம்பினால் பிளாஸ்டிக் காது உடையும்.

கவனம் முழுக்கத் தேவைப்படுவது மாஸ் ஏர் ஃப்ளோ சென்சாரில். சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். அதன் உள்ளே ஒரு சூடான நுண்கம்பியோ ஃபிலிமோ இருக்கும். கடந்து போகும் காற்று அதைக் குளிர்விக்கும். அதை மறுபடி சூடாக வைக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதை வைத்துத்தான் ஈசியூ காற்றின் எடையைக் கணக்கிடுகிறது. அதை விரலால் தொடக்கூடாது, ஊதக்கூடாது, துணியால் துடைக்கக்கூடாது. பழைய குழாயிலிருந்து எடுத்து, அதன் ஓ-ரிங்கோடு (ரப்பர் வளையம்) புதிய குழாயில் உட்கார வைக்க வேண்டும். காற்று போகும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கும், அதைப் பார்த்துப் பொருத்துங்கள். புதிய குழாயில் சென்சார் உட்காரும் இடத்தின் உள்விட்டம் பழையதைப் போலவே இருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். அகலமாக இருந்தால் அங்கே காற்று மெதுவாகப் போகும், சென்சார் குறைவாகப் படிக்கும், பெட்ரோலும் குறைவாகப் போகும்.

அன்று அப்பச்சி திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதுவயலில் அரிசி ஆலை நடத்தியவர்கள். நான் அந்தப் பளபளப்பான கூம்பு ஃபில்டரைக் கையில் எடுத்ததும், "இதுக்கு மூடி கிடையாதா?" என்றார்கள். கிடையாது அப்பச்சி, இப்படித் திறந்துதான் இருக்கும் என்றேன். "அப்ப தூசியை எது பிடிக்கும்?" என்றார்கள். அவர்கள் ஆலையில் ஓடிய பழைய டீசல் இன்ஜின்களில் எண்ணெய்ச் சட்டி வைத்த ஏர் கிளீனர். காற்று எண்ணெயின் மேல் மோதித் திரும்பும்போது தூசி எண்ணெயிலேயே தங்கிவிடும். உமித் தூசிக்கும் சாம்பலுக்கும் நடுவே ஓடுகிற இன்ஜின் என்பதால், வாரம் தவறாமல் அந்தச் சட்டியைக் கழற்றிச் சேற்றைக் கொட்டிப் புது எண்ணெய் ஊற்றுவார்களாம். அன்று அந்தக் கேள்வியை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டிருக்க வேண்டும்.

மாட்டியதும் ஸ்டார்ட் செய்தோம். ஆக்சிலரேட்டரை விட்டால் ‘உஸ்ஸ்’ என்று டர்போ மூச்சு விடும் சத்தம் உள்ளே வரை கேட்டது. எனக்கு அது ரொம்பவே பிடித்திருந்தது. வண்டி வேகமாகிவிட்டது என்றே நம்பினேன். பிறகு திருமயம் சாலையில் அதிகாலையில் 40-லிருந்து 80 வரை, மாட்டும் முன்பும் மாட்டிய பிறகும் பல தடவை நேரம் எடுத்துப் பார்த்தேன். ஒரே நாளில் ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் இருந்த வித்தியாசம்தான் இரண்டுக்கும் நடுவே இருந்தது. காது சொல்வதை நம்பாதீர்கள், நேரம் எடுங்கள்.

நான்காம் நாள் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. ஓபிடி ஸ்கேனரில் (வண்டியின் கணினியில் பதிவான கோளாறைப் படிக்கும் கருவி) பி0171 என்று வந்தது. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். ஃபியூயல் டிரிம், அதாவது ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யும் அளவு, 18 சதவீதம் கூட்டலில் நின்றது. நல்ல வண்டியில் அது ஐந்துக்குள் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும். நண்பர் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தினார். பெட்ரோல் வாடை எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் கொளுத்தினார், நீங்களும் அதைச் செய்யாமல் பத்தியைப் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள். என்னை ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு இணைப்பாகப் பத்தியை நகர்த்தினார். சென்சாருக்கும் டர்போவுக்கும் நடுவே இருந்த சிலிக்கான் ஹோஸின் அடிப்பக்கத்தில், நேராக எழுந்துகொண்டிருந்த புகை சட்டென்று வளைந்து ஹோஸுக்குள் நுழைந்தது. சென்சார் கணக்கெடுக்காத காற்று அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தது. புது சிலிக்கான் ஹோஸ் இரண்டு மூன்று முறை சூடாகி ஆறியதில் படிந்துவிட்டது, கிளாம்ப் தளர்ந்திருந்தது. ஸ்க்ரூவை இரண்டு சுற்று முறுக்கியதும் சரியானது. மாட்டிய மூன்றாம் நாள் எல்லா கிளாம்பையும் ஒருமுறை மறுபடி முறுக்குங்கள். கிட்டோடு வரும் தாளில் இந்த வரி இருந்தாலும் யாரும் படிப்பதில்லை.

அதோடு விட்டிருந்தால் நான் இந்தப் பதிலை எழுதியிருக்க மாட்டேன். கத்திரி வெயில் வந்தது.

சென்சாரிலேயே உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் தெரியும் என்பதால் ஸ்கேனரை மாட்டியே வைத்து ஓட்டினேன். (சில வண்டிகளில் காட்டும் அளவு இன்டர்கூலருக்குப் பிந்தையது. எது என்று தெரிந்துகொண்டு ஒப்பிடுங்கள்.) வெளியே 39 டிகிரி. ஓடும்போது 45. பரவாயில்லை. ரயில்வே கேட்டில் நின்றேன். ஏசி ஓடுகிறது, ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. எண் ஏறிக்கொண்டே போய் 71-ல் நின்றது. கேட் திறந்து கிளம்பியதும் வண்டி ஒரு நிமிடம் போல மந்தமாகவே போனது. வெப்பம் கூடினால் நாக்கிங் (கலவை தானாகவே வெடித்து இன்ஜின் தட்டுவது) வராமல் இருக்க ஈசியூ இக்னிஷன் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும், அந்த மந்தம்தான் அது. அடுத்த ஞாயிறு பழைய பெட்டியை மாட்டிக்கொண்டு அதே நேரத்துக்கு அதே கேட்டுக்குப் போனேன். 58-க்கு மேல் ஏறவில்லை. பெயரில் கோல்ட் இருந்தாலும், திறந்த கூம்பு ஃபில்டர் நம் ஊர் வெயிலில் நின்ற வண்டியில் இழுப்பது இன்ஜின் சூட்டைத்தான்.

விடாமல், தகரப் பட்டறையில் அலுமினியத் தகட்டை வெட்டி வளைத்து ஃபில்டரைச் சுற்றி ஒரு மறைப்பு செய்தேன். மேல் விளிம்பில் கார் கதவுக்குப் போடும் ரப்பர் பீடிங் வைத்து, பானட் மூடினால் அழுத்தி அடைக்கும்படி பண்ணினோம். கேட்டில் 62-க்கு இறங்கியது. நல்ல முன்னேற்றம். அப்போதுகூட வைத்துக்கொள்ளலாம் என்றே இருந்தேன்.

கழற்ற வைத்தது ஒரு வெள்ளைத் துணி. ஐப்பசியில் ஃபில்டரைக் கழுவக் கழற்றியபோது, பழைய வேட்டித் துணியை விரலில் சுற்றி, ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் குழாயின் உட்புறத்தில் ஒரு இழுப்பு இழுத்தேன். ஃபில்டர் தடுத்திருந்தால் துணி சுத்தமாக வந்திருக்க வேண்டும். செம்மண் நிறத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது. நம் கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்க மண்தான், சந்தேகமே இல்லை. அந்த நைசான தூசி எண்ணெய் தடவிய பருத்தியால் ஆன அந்தக் கூம்பு ஃபில்டரைத் தாண்டி டர்போவின் இறக்கைக்குப் போயிருக்கிறது, அங்கிருந்து சிலிண்டருக்குப் போயிருக்கிறது. டர்போ இறக்கை நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் பொருள். அதன் விளிம்பில் மண் பட்டுக்கொண்டே இருந்தால் உப்புத்தாள் தேய்ப்பது மாதிரி. பிஸ்டன் ரிங்கும் அப்படித்தான் தேயும். அப்பச்சி கேட்ட கேள்வி அப்போதுதான் மண்டையில் ஏறியது.

அந்த ஃபில்டரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எண்ணெய் சரியாகப் பரவியிருந்ததா, அடிவிளிம்பு சரியாக உட்கார்ந்ததா என்று நானும் அடிக்கடி பார்க்கவில்லை. எண்ணெய் குறைந்தால் தூசி நுழையும், கூடினால் அந்த எண்ணெயே சென்சார் கம்பியில் படிந்து அளவைக் கெடுக்கும். மாதம் தவறாமல் கவனிக்க முடிகிறவருக்கு அது சரி. மண் சாலையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் வந்தாலே பானட்டுக்குள் செந்தூள் படியும் ஊரில், கம்பெனிக் காகித ஃபில்டரைத்தான் நான் நம்புகிறேன். சர்வீஸ் கணக்கைப் பார்க்காமல் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, அடைத்திருந்தால் மாற்றிவிடுகிறேன்.

மழைக்காலத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள். சில கிட்டுகளில் குளிர்ந்த காற்றுக்காக ஃபில்டரை பம்பருக்குப் பின்னால், சக்கரத்துக்கு முன்னால் கீழே இறக்கி வைப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறைந்து சாலையில் தண்ணீர் ஓடும்போதோ, ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கும்போதோ அந்த ஃபில்டர் மூழ்கினால் இன்ஜின் தண்ணீரைக் குடிக்கும். தண்ணீர் காற்றைப் போல அமுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண இன்ஷூரன்ஸில் இதற்குப் பணம் கிடைப்பது கஷ்டம், இன்ஜின் பாதுகாப்புக்கான தனிச் சேர்க்கை எடுத்திருக்க வேண்டும்.

சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வாரன்டி மிச்சம் இருந்தால், மாட்டும் முன்பு சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். டர்போ போனால் முதலில் அவர்கள் பார்ப்பது அந்தக் குழாயைத்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் மாட்ட ஆசை இருந்தால், அந்த ஆசை எனக்குப் புரிகிறது, அந்த ‘உஸ்’ சத்தத்தை நானும் இன்னும் மறக்கவில்லை. அப்படியானால் முழுக்க மூடிய பெட்டியோடு வரும் கிட்டாகப் பாருங்கள். கம்பெனியின் முன்பக்கக் குழாயிலேயே அது இணைய வேண்டும். எண்ணெய் போடாத உலர் ஃபில்டராக எடுங்கள். விலை கூடும். மாட்டும் முன்பே இரண்டு வாரம் ஸ்கேனரில் வெப்பமும் ஃபியூயல் டிரிமும் குறித்து வையுங்கள், இல்லையென்றால் மாட்டிய பிறகு எதோடு ஒப்பிடுவீர்கள்? ஆயிரம் கிலோமீட்டர் ஆனதும் அந்த வெள்ளைத் துணிச் சோதனையைச் செய்யுங்கள். வண்டியை நிஜமாகவே வேகமாக்க வேண்டும் என்றால், பணத்தை முதலில் நல்ல இன்டர்கூலருக்கும், அதற்கேற்ற ரீமேப்புக்கும் சேர்த்து வையுங்கள்.

அப்புறம், கழற்றிய கம்பெனிப் பெட்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். ரப்பர் புஷ்ஷையும் போல்ட்டையும் ஒரு பையில் கட்டிப் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள். என்னுடையது எட்டு மாதமும் இரண்டாம் கட்டு அறையில், ஆத்தாவின் பித்தளை அண்டாவுக்குள் இருந்தது. எடுத்து மாட்ட நாற்பது நிமிடம்தான் ஆனது.