தத்துவக் கருத்தரங்குகளில் பெண் பேச்சாளர்கள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

தத்துவக் கருத்தரங்குகளை நடத்தும் குழுக்களில் நீண்ட காலமாக இருந்து வருகிறேன். பேச்சாளர் பட்டியலில் பெண்கள் ஏன் குறைகிறார்கள் என்று பலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: எங்கள் கருத்தரங்கில் 6 பேச்சாளர்கள், ஆறு பேரும் ஆண்கள். யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. தற்செயலாக அமைந்ததற்கு ஏன் இவ்வளவு பேச்சு வருகிறது?

தற்செயலா இல்லையா என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். துறையில் 100 பேருக்கு 30 பேர் பெண்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டுக் குலுக்கி 6 பேரை எடுத்தால், ஆறு பேரும் ஆண்களாக வர ஏறக்குறைய 12 சதவீத வாய்ப்பு இருக்கிறது. எட்டு ஒன்பது கருத்தரங்குகளில் ஒன்று அப்படி அமையலாம். ஆகவே இந்த ஒரு நிகழ்ச்சியை மட்டும் வைத்து உங்கள் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் 5 ஆண்டுகள் தொடர்ந்து இப்படியே இருந்தால், அது வெறும் தற்செயலாக நடக்கும் வாய்ப்பு சுமார் 44,000இல் ஒன்று. பழைய நிகழ்ச்சி நிரல்களை எடுத்து ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: துறையிலேயே பெண்கள் குறைவு. இல்லாதவர்களை எங்கிருந்து கூப்பிடுவது?

குறைவுதான், மறுக்கவில்லை. பிரிட்டனைப் பற்றி ஹெலன் பீபீ, ஜென்னி சால் என்ற இரண்டு தத்துவப் பேராசிரியர்கள் 2011இல் ஓர் அறிக்கை தந்தார்கள். இளநிலையில் தத்துவம் படிப்பவர்களில் 46 சதவீதம் பெண்கள். முனைவர் பட்ட ஆய்வில் அது 31 ஆகிறது, நிரந்தர ஆசிரியர்களில் 24, பேராசிரியர்களில் 19. அதற்குப் பிறகு நிலைமை ஓரளவு முன்னேறியிருக்கிறது. அமெரிக்காவில் 2012இல் வந்த ஆய்வொன்று, அறிமுக வகுப்பில் இருந்த பெண்கள் தத்துவத்தை முதன்மைப் பாடமாக எடுக்காமல் போகும் இடத்தில்தான் பெரிய சரிவு என்று காட்டியது.

ஆக, கருத்தரங்குகள் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மேடையில் பேசியவருக்குத்தான் தொகுப்பு நூலில் கட்டுரை வருகிறது. அவரைத்தான் மற்றவர்களுக்குத் தெரிகிறது, பரிந்துரைக் கடிதம் எழுத ஆள் கிடைக்கிறது, அடுத்த அழைப்பும் அவருக்கே போகிறது. மேலே போகப்போக எண்ணிக்கை கரைவதில் இதற்கும் பங்கு உண்டு. இன்னொன்று: 24 சதவீதம் என்றாலும் 6 பேரில் ஒருவராவது சராசரியாக வர வேண்டும். ஆள் குறைவு என்பது ‘ஒருவர்தான் இருக்கிறார்’ என்பதற்கு விளக்கமாகலாம். வருடா வருடம் ஒருவர்கூட இல்லை என்பதற்கு ஆகாது.

கேள்வி: தரம் ஒன்றைத்தான் பார்க்க வேண்டும், பாலினத்தைப் பார்க்கக் கூடாது என்பது என் கருத்து. உங்கள் பதில்?

தரத்தைத்தான் பார்க்க வேண்டும். எனக்கும் அதே ஆசைதான். நாம் உண்மையிலேயே தரத்தைப் பார்க்கிறோமா என்பதுதான் என் கவலை.

பட்டியல் எப்படி உருவாகிறது என்று யோசியுங்கள். நான்கு பேர் உட்கார்ந்து “இந்தத் தலைப்புக்கு யாரைக் கூப்பிடலாம்?” என்று பேசுகிறார்கள். பத்து நிமிடத்தில் ஏழெட்டுப் பெயர்கள் வந்துவிடும். போன மாநாட்டில் பேசியவர், தன்னுடைய நெறியாளர், நெறியாளரின் நண்பர், பழைய வகுப்புத் தோழர். அந்தப் பத்து நிமிடத்தில் யாரும் யாருடைய கட்டுரையையும் திறக்கவில்லை. சட்டென்று நினைவுக்கு வந்த பெயர்களைத்தான் தரமான பெயர்கள் என்று எழுதிக்கொள்கிறோம். ஏற்கனவே மேடை கிடைத்தவர் நினைவில் நிற்கிறார், நினைவில் நிற்பவருக்கே மறுபடியும் மேடை கிடைக்கிறது.

வரலாற்றையும் பாருங்கள். அமெரிக்கத் தத்துவ அறிஞர் மேரி விட்டன் கால்கின்ஸ் முனைவர் பட்டத்துக்கான எல்லாத் தகுதிகளையும் முடித்த பிறகும், பெண் என்பதால் ஹார்வர்ட் பட்டம் தர மறுத்தது. அவர்தான் 1918இல் அமெரிக்கத் தத்துவச் சங்கத்தின் தலைவரானார். ஸ்காட்லாந்தில் சமயத்தையும் தத்துவத்தையும் பற்றி நடக்கும் புகழ்பெற்ற உரைத்தொடரான கிஃபோர்ட் சொற்பொழிவுகள் 1888இல் தொடங்கின. அந்த மேடையில் ஏறிய முதல் பெண் அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரென்ட்தான், அதுவும் 1970களில்தான். இடையில் எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அத்தனை காலமும் தகுதியுள்ள பெண் ஒருவர்கூட இருக்கவில்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

நான் சொல்லும் வழி இதுதான். யார் பெயரையும் சொல்லாமல் தொடங்குங்கள். அந்தத் தலைப்பில் கடந்த ஐந்து ஆண்டுகளில் வந்த ஆய்விதழ்களை எடுத்து, நல்ல கட்டுரை எழுதிய 25 பேரைப் பட்டியலிடுங்கள். கட்டுரைகளைப் படித்துவிட்டு அதிலிருந்து 6 பேரைத் தேர்ந்தெடுங்கள். அப்படிச் செய்யும்போது பட்டியலின் முகமே மாறும். பெண்கள் மட்டும் அல்ல, சிறிய பல்கலைக்கழகங்களில் ஓசையில்லாமல் நல்ல வேலை செய்யும் ஆண்களும் உள்ளே வருவார்கள்.

அமைப்புக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதும் முக்கியம். நுண்ணுயிரியல் மாநாடுகளை வைத்து 2014இல் வந்த ஆய்வில், அமர்வை ஏற்பாடு செய்பவர்களில் ஒரு பெண்ணாவது இருந்த இடங்களில் பெண் பேச்சாளர்களின் பங்கு தெளிவாகவே கூடுதலாக இருந்தது. துறை வேறு, ஆனால் பெயர்களை யோசிக்கும் விதம் எங்கும் ஒன்றுதான்.

கேள்வி: மேடம், நாங்கள் மூன்று பெண்களை அழைத்தோம், மூவரும் வர முடியாது என்றுவிட்டார்கள். இதற்கு மேல் என்ன செய்வது?

எப்போது அழைத்தீர்கள்? எத்தனையாவதாக அழைத்தீர்கள்? முக்கால்வாசி நேரம் நடப்பது இதுதான்: ஆண்களை எட்டு மாதம் முன்பே அழைத்து உறுதிசெய்துவிட்டு, பட்டியலைப் பார்த்துத் திடுக்கிட்டு, இரண்டு மாதம் இருக்கும்போது பெண்களுக்கு எழுதுகிறார்கள். அந்த நேரத்தில் யாருக்கும் வருவது கஷ்டம்.

அதோடு, துறையில் பெயர் தெரிந்த பெண்கள் என்று எல்லாரும் அதே நான்கைந்து பேருக்குத்தான் எழுதுகிறார்கள். அவர்களும் மனிதர்கள்தானே, எத்தனை ஊருக்குப் போவார்கள்? பெண்கள் பொதுவாகவே மறுப்பார்கள் என்ற முடிவுக்கும் வந்துவிட வேண்டாம். பரிணாம உயிரியல் மாநாடு ஒன்றைப் பற்றி 2013இல் வந்த ஆய்வில் பெண்கள் அதிகம் மறுத்திருந்தார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகச் சொற்பொழிவுகளைப் பார்த்த 2018 ஆய்வில் அப்படி ஒரு வேறுபாடே இல்லை. அழைப்பே குறைவாகப் போயிருந்தது.

முதல் அழைப்புகளைப் பெண்களுக்கு அனுப்புங்கள். தேதியை முடிவு செய்வதற்கு முன்பே அவர்களிடம் கேளுங்கள். குழந்தையோடு வருபவருக்கு என்ன ஏற்பாடு, பயணச் செலவை முன்கூட்டியே தர முடியுமா, நேரில் முடியாவிட்டால் இணையவழியில் பேசலாமா என்பதையெல்லாம் அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். கேட்டால் தருவோம் என்று இருக்க வேண்டாம், பலர் கேட்கவே மாட்டார்கள். அப்புறம், மறுப்பவரிடம் “வேறு யாரைக் கூப்பிடலாம்?” என்று கட்டாயம் கேளுங்கள். புதிய பெயர்கள் அப்படித்தான் கிடைக்கும்.

கேள்வி: கட்டுரைகளைப் பெயர் மறைத்து மதிப்பிட்டால் போதாதா?

அனுப்பப்படும் கட்டுரைகளுக்கு அது நல்ல முறை, கண்டிப்பாகச் செய்யுங்கள். முதன்மை உரைக்கு அழைக்கும்போது பெயரை வைத்துத்தானே அழைக்கிறீர்கள்? அங்கே இது உதவாது.

கேள்வி: நான் முனைவர் பட்ட மாணவி. ஒரு கருத்தரங்குக்கு அழைப்பு வந்திருக்கிறது. “பெண் வேண்டும் என்பதற்காகத்தான் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்” என்று உடன் படிப்பவர் சொன்னார். போகவே மனமில்லை மேடம்.

போங்கள்மா. நெறியாளரின் செல்வாக்கால் அழைப்புப் பெற்ற ஆண் மாணவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் யாரும் இப்படிச் சொல்வதில்லை, அவர்களும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில்லை. உங்களை ஏன் அழைத்தார்கள் என்பது அமைப்பாளர்களின் மனதில் இருக்கிறது, அதை நீங்கள் தோண்டிப் பார்க்க முடியாது. உங்கள் வாதம் நிற்கிறதா என்பது உங்கள் கையில் இருக்கிறது. இருக்கும் நேரத்தையெல்லாம் அதற்குக் கொடுங்கள். முடிந்தால், கட்டுரையின் எந்தப் பகுதி அவர்களுக்குப் பிடித்தது என்று அமைப்பாளரிடமே கேட்டு எழுதுங்கள். பதில் வந்தால் தயாரிப்புக்கும் உதவும்.

அமைப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை: “எங்களுக்குப் பெண் பேச்சாளர் தேவை” என்று தயவுசெய்து அழைப்பில் எழுதாதீர்கள். அவருடைய எந்தக் கட்டுரைக்காக அழைக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

கேள்வி: பெண்களை நெறியியலுக்கும் (அறம் பற்றிய தத்துவம்) பெண்ணியத்துக்கும் மட்டுமே அழைக்கிறார்களே?

ஆமாம், எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது. அளவையியலிலும் (தர்க்கம்) மொழி பற்றிய தத்துவத்திலும் பெண்கள் இல்லாமலா இருந்தார்கள்? ரூத் பார்கன் மார்கஸ் அளவையியலில் புதிய பாதை போட்ட கட்டுரைகளை 1946இலேயே வெளியிட்டார். சூசன் ஸ்டெபிங் 1933இல் பிரிட்டனின் முதல் பெண் தத்துவப் பேராசிரியரானார், அவருடைய துறையும் அளவையியல்தான்.

கேள்வி: நான் ஆண் பேராசிரியர். முழுக்க ஆண்கள் பேசும் அரங்குக்கு அழைப்பு வந்தால் மறுத்துவிட வேண்டுமா?

ஒப்புக்கொள்வதற்கு முன் “வேறு யார் பேசுகிறார்கள்?” என்று கேளுங்கள். இரண்டு மூன்று பெயர்களைக் கட்டுரைத் தலைப்போடு பரிந்துரையுங்கள். நீங்கள் மூத்தவர் என்றால் உங்கள் இடத்தையே ஒருவருக்கு விட்டுக்கொடுக்கலாம். அப்போதும் அவர்கள் அசையவில்லை என்றால் மறுப்பது சரி என்பேன். இளம் ஆய்வாளர் ஒருவரிடம் இதை எதிர்பார்க்க மாட்டேன், அவருக்கு அந்த அழைப்பு பிழைப்பு சம்பந்தப்பட்டது.

கேள்வி: நிகழ்ச்சி நிரல் அச்சாகிவிட்டது, எல்லாரும் ஆண்கள்தான். அடுத்த மாதம் கருத்தரங்கு. இனி ஏதாவது செய்ய முடியுமா?

கடைசி நேரத்தில் ஒரு பெண்ணைக் கூப்பிட்டு வரவேற்புரை மட்டும் கொடுக்காதீர்கள், அது அவருக்கு மரியாதை இல்லை. கேள்வி நேரத்தைச் சரியாக நடத்துங்கள். 10 நாடுகளில் சுமார் 250 கருத்தரங்க அமர்வுகளைக் கவனித்த ஆய்வு ஒன்று 2018இல் வந்தது. முதல் கேள்வியை ஆண் கேட்ட அமர்வுகளில் பெண்கள் கேட்பது இன்னும் குறைந்திருந்தது. ஆகவே உரை முடிந்ததும் ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள். தயங்குபவர்கள் கேள்வியை யோசித்துக்கொள்வார்கள். முதல் கேள்வியை ஒரு மாணவிக்கோ இளம் ஆய்வாளருக்கோ கொடுங்கள். ஒருவருக்கு ஒரு கேள்விதான் என்று அமர்வுத் தலைவர் முதலிலேயே சொல்லிவிடட்டும், குறுக்கே பேசுபவரை மூத்தவர் என்று பார்க்காமல் நிறுத்தட்டும். அடுத்த ஆண்டுக் கருத்தரங்குக்கான 25 பேர் பட்டியலை இந்தக் கருத்தரங்கு முடிந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.