டிப்போவிலிருந்து டைப் அடித்து வந்த விருப்ப ஓய்வுக் கடிதம்

கேள்வி: என் கணவர் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் 19 வருடமாக டிரைவர். வயது 47. சர்க்கரை நோயில் புண் ஆறாமல் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நான்காம் நாள் டிப்போவிலிருந்து ஒருவர் டைப் அடித்த தாளோடு வந்தார். விருப்ப ஓய்வு கொடுத்தால் பணம் சீக்கிரம் வரும், பிறகு பையனுக்கு வேலை கேட்கலாம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிப் போய்விட்டார். மூன்று வாரம் ஆகிறது, உத்தரவு எதுவும் வரவில்லை. கால் இல்லாதவர் பஸ் ஓட்ட முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். வேறு வழி உண்டா?
- ஒரு வாசகி, தேனி மாவட்டம்

பதில்: சகோதரி, வழி உண்டு. செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். கொடுத்த விருப்ப ஓய்வுக் கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக உங்கள் கணவர் இன்றைக்கே ஒரு மனு எழுதட்டும். நிர்வாக இயக்குநருக்கு ஒன்று, கிளை மேலாளருக்கு ஒன்று, இரண்டும் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் போகட்டும். உங்கள் வீட்டு ஆள் ஒருவர் டிப்போ தபால் பிரிவிலும் நேரில் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்கி வரட்டும். ஏற்பு உத்தரவு வராதவரை திரும்பப் பெற அவருக்கு உரிமை இருக்கிறது, அதனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

இனி சட்டம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 20-ஆவது பிரிவின் 4-ஆம் உட்பிரிவு உங்கள் வீட்டுக்காரருக்கென்றே எழுதியது போல இருக்கும். பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்ட ஒருவரை அரசு நிறுவனம் வேலையை விட்டு நீக்கக் கூடாது, பதவி இறக்கவும் கூடாது. பழைய வேலை அவரால் முடியாதென்றால் அதே சம்பள விகிதத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். வேறு இடமே காலியில்லை என்றால் அவருக்காகவே ஒரு மிகைப் பணியிடம் உண்டாக்கி, பொருத்தமான இடம் கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயது வரை அதில் வைத்திருக்க வேண்டும். அரசுப் போக்குவரத்துக் கழகமும் இந்தச் சட்டத்தில் அரசு நிறுவனம்தான்.

ஆக, கால் இல்லாதவர் பஸ் ஓட்ட முடியாது என்று நீங்கள் ஒப்புக்கொள்வதால் எதுவும் கெட்டுவிடாது. ஸ்டியரிங்கை அவரிடம் கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை. மெடிக்கல் போர்டுக்கு அனுப்பினால் தயங்காமல் போகச் சொல்லுங்கள். 'ஓட்டுநர் பணிக்குத் தகுதியற்றவர்' என்று அவர்கள் எழுதுவதைப் பார்த்துப் பயந்துபோய் வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், ஆனால் மாற்றுப் பணி கேட்கும் உரிமை தொடங்குவதே அந்த வரியிலிருந்துதான்.

கையெழுத்துப் போட்டாகிவிட்டதே என்பதுதான் உங்களை அரிக்கும் கேள்வி என்று நினைக்கிறேன். பஞ்சாப் மின்வாரியத்தில் உதவி லைன்மேனாக இருந்த பகவான் தாஸுக்கு 1994-இல் இரண்டு கண்ணும் போய்விட்டது. தனக்கு ஓய்வு கொடுத்துவிட்டு மனைவிக்கு வேலை கொடுங்கள் என்று அவரே கடிதம் எழுதினார், வாரியமும் ஓய்வு கொடுத்து அனுப்பியது. 2008-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சட்டம் தெரியாத ஒரு கடைநிலை ஊழியர் கண் போன துக்கத்தில் எழுதியதை அவருக்கு எதிராகப் பிடித்துக்கொள்ளக் கூடாது, உனக்கு இப்படி ஒரு பாதுகாப்பு இருக்கிறது என்று எடுத்துச் சொல்ல வேண்டியது சட்டம் தெரிந்த அதிகாரிகளின் கடமை என்று சொல்லி, அவரை மீண்டும் பணியில் சேர்க்க உத்தரவிட்டது. அப்போது இருந்தது 1995-ஆம் ஆண்டுச் சட்டம். இப்போதைய சட்டத்திலும் அந்தப் பாதுகாப்பு அப்படியே இருக்கிறது. பையனுக்கு வேலை என்று உங்களிடம் சொன்னதையும் இதோடு வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. அந்தத் தாள் அங்கிருந்தே டைப் அடித்து வந்தது என்கிறீர்கள். 'எனது சொந்த விருப்பத்தின் பேரில்' என்ற வாக்கியம் அதில் நிச்சயம் இருக்கும். கையில் நகல் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் தாளில் உள்ள தேதியையும் கையெழுத்துத் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். காலை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து நாலே நாளில் ஒரு மனிதர் தானாக யோசித்து ஓய்வு கேட்டார் என்பதை எந்த நீதிபதியிடமும் சொல்லி நம்பவைக்க முடியாது. வந்தவர் பெயர், வந்த நேரம், கூட யார் இருந்தார்கள் என்பதை இப்போதே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், ஆறு மாதம் போனால் மறந்துவிடும்.

திரும்பப் பெறும் மனுவோடு மாற்றுப் பணி மனுவும் போகட்டும். 'ஏதாவது லைட் டூட்டி போட்டுக் கொடுங்கள் ஐயா' என்று கெஞ்சுகிற மாதிரி எழுதாமல், பிரிவு எண்ணைப் போட்டு, நேரக்காப்பாளர், ஸ்டோர், அலுவலக வேலை என்று அவரால் செய்ய முடிந்ததைக் குறிப்பிட்டே எழுதுங்கள். வேலை கொடுத்தால் மட்டும் போதாது, அதைச் செய்ய ஏற்ற வசதியும் செய்து தர வேண்டும் என்கிறது அதே பிரிவு. செயற்கைக் கால் போட்டவரை மாடியில் உட்காரவைத்தால் அது பெயருக்குக் கொடுத்த வேலை. தரைத்தளத்தில் இருக்கை, பகல் ஷிப்ட், வீட்டுக்குப் பக்கத்து டிப்போ, இதையெல்லாம் கேளுங்கள். நிறுவனத்துக்கு அளவுக்கு மீறிய சுமையாக இருந்தால் தவிர, மறுப்பதே பாகுபாடு என்று சட்டம் சொல்கிறது. சம்பளமில்லாமல் போன நாட்களுக்கான பணத்தையும் விடாமல் கேளுங்கள்.

இடம் காலியில்லை என்று பதில் வரலாம். மேலே சொன்ன மிகைப் பணியிடம் அதற்காகத்தான் சட்டத்தில் இருக்கிறது. இதற்கிடையில் மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யுடிஐடி அட்டைக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

கழகத்தின் குறைதீர்க்கும் அலுவலரிடம் புகார் கொடுத்தால் இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் மனு கொடுக்கலாம், ஆட்களை அழைத்து விசாரிக்க அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. ஆனால் அவர் தருவது பரிந்துரை. ஆகவே ஓய்வை ஏற்று உத்தரவு வந்துவிட்டால் அங்கே நேரம் கழிக்காமல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடுங்கள். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் விண்ணப்பித்தால் வக்கீலுக்கு ஏற்பாடு செய்வார்கள்.

இனி யார் எந்தத் தாளைக் கொண்டு வந்தாலும், படித்துப் பார்த்து வக்கீலிடம் காட்டாமல் அவர் கையெழுத்துப் போட வேண்டாம்.