வீட்டு கம்ப்யூட்டரை புரத ஆராய்ச்சிக்கு குடுக்கறதுல இன்னும் பிரயோஜனம் இருக்கா?

புரதத்தோட வடிவத்தை கணிக்கற ஏஐ ஆல்ஃபாஃபோல்ட் வந்தப்புறமும், சும்மா இருக்கற நேரத்துல ஆராய்ச்சிக் கணக்கு போட நம்ம கம்ப்யூட்டரை குடுக்கறதுல வேலை இருக்கான்னு கேட்டிருக்கீங்க. இருக்கு, ஆனா வேலை மாறிடுச்சு.

2004 நவம்பர்ல ஐபிஎம், ஜனங்களோட கம்ப்யூட்டர்களை சேத்து ஆராய்ச்சிக்கு பயன்படுத்தற வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட்டை ஆரம்பிச்சப்போ முதல் ப்ராஜெக்ட்டே மனித புரதங்களோட வடிவத்தை கணிக்கறதுதான். அப்போ மனித ஜீனோமை, அதாவது நம்ம டிஎன்ஏ முழுசையும், படிச்சு முடிச்சிருந்தாங்க, ஆனா அதுலேர்ந்து வர்ற புரதங்கள்ல ஏகப்பட்டது என்ன வேலை செய்யுதுன்னே தெரியாது. புரதம்ங்கறது அமினோ அமிலங்கள் வரிசையா கோத்த சங்கிலி, அது மடிஞ்சுதான் வடிவம் வரும். அந்த வரிசைய மட்டும் ஒப்பிட்டா பல நேரம் ஒண்ணும் சிக்காது, ஏன்னா பரிணாமத்துல வரிசை அடையாளம் தெரியாம மாறிடும், மடிஞ்ச வடிவம் அவ்ளோ சீக்கிரம் மாறாது. அதனால வடிவத்தை கணிச்சு, வேலை தெரிஞ்ச புரதங்களோட வெச்சு பாத்தா இதுவும் இன்ன வகை நொதியா இருக்கலாம்னு ஒரு துப்பு கிடைக்கும்.

கணிச்சது ரோசெட்டா, வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல டேவிட் பேக்கர் குழுவோட சாஃப்ட்வேர். தெரிஞ்ச புரதங்கள்ல இருக்கற குட்டி குட்டி துண்டோட வளைவுகளை எடுத்து மாத்தி மாத்தி பொருத்தி, எந்த வடிவத்துல ஆற்றல் கம்மியா இருக்குன்னு தேடும். ஒரே புரதத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை இதை ஓட்டணும், ஆனா ஒரு ஓட்டத்துக்கும் அடுத்ததுக்கும் சம்பந்தமே கிடையாது, யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், அதனாலதான் உலகம் பூரா சிதறிக் கிடக்கற டெஸ்க்டாப்புக்கு இது அவ்ளோ பொருத்தம். 2005ல அதே குழு வீட்டு கம்ப்யூட்டர்கள்ல ஓட்ட கொண்டுவந்த ரோசெட்டா அட் ஹோமும் இதே வழிதான். நானும் ஓட்டியிருக்கேன், ஸ்க்ரீன்சேவர்ல அந்த சங்கிலி நெளிஞ்சு நெளிஞ்சு மடியறதை பாத்துட்டே உக்காந்திருப்பேன், அவ்ளோ பிடிக்கும்.

2020ல ஆல்ஃபாஃபோல்ட் வடிவக் கணிப்பை பெரும்பாலும் எடுத்துக்கிச்சு, உண்மை. ஆனா அது காட்டறது நின்ன நிலை. புரதம் ஆடும், திறக்கும், மூடும், அதோட வேலையே அந்த அசைவுலதான் இருக்கு. வீட்டு கம்ப்யூட்டர்களை வெச்சு 2000லேர்ந்து ஓடற இன்னொரு ப்ராஜெக்ட்டான ஃபோல்டிங் அட் ஹோம் கணக்கு போடறது அந்த அசைவைத்தான். 2020ல கொரோனாவுக்காக ஜனங்க குவிஞ்சு சேந்ததுல அதோட வேகம் எக்ஸாஃப்ளாப்பை தாண்டிச்சு, அதாவது விநாடிக்கு 1க்கு பின்னாடி 18 சைபர் போட்ட அளவு கணக்கு! வைரஸோட ஸ்பைக் புரதம் எப்படி வாய் திறக்குது, திறக்கும்போது மருந்து ஒட்டற மாதிரி மறைவான குழி எங்க வருதுன்னு அதுல பாத்தாங்க.

அதனால இப்போ சேரணும்னா நான் ஃபோல்டிங் அட் ஹோமைத்தான் சொல்வேன். நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தா ரொம்ப உதவும். கரண்ட் பில் ஏறும், அதை பாத்துக்கோங்க. லேப்டாப்னா சூடாகும், சிபியூ கோர் எண்ணிக்கையை செட்டிங்ஸ்ல கம்மி பண்ணி வெச்சு ஓட்டுங்க.